ஊட்டக் கூடையோடு ஒரு போட்டோ

என் வீட்டுக்காரர் ஜெகதீசனின் எடை முப்பத்தொன்பது கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நாலு மாதமும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. கசார்வாடி லேத் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் இரும்பு கடைந்த மனுஷன், பேன்ட்டைச் சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நின்றார். காசநோய். பூனா பக்கம் தேஹு ரோட்டில் எங்கள் தெருமுனை டிஸ்பென்சரி டாக்டர் மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

“மாத்திரை என் பொறுப்பு, சாப்பாடு உங்க பொறுப்பு. முட்டை, பருப்பு, பால், கடலை. நாற்பத்தஞ்சு கிலோவுக்கு வரணும். இன்னும் இறங்கிக்கிட்டே போனா, மாத்திரையை மட்டும் நம்பி உட்கார முடியாது.”

நான் போளி-பாஜி கடையில் வேலை செய்கிறேன். இங்கே சப்பாத்திக்குப் போளி என்று பேர். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை கட்டையை உருட்டினால் அன்றைய கூலி. அவர் பட்டறைக்குப் போவது நின்ற பிறகு அந்தக் கட்டைதான் வீட்டைத் தாங்கியது. வாடகை போக மிச்சத்தில் அரிசி வரும், முட்டை வராது. டாக்டருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஒரு காகிதத்தை நீட்டி, ஹிஞ்சேவாடியில் ஒரு பெரிய ஆய்வு நிலையம் இருக்கிறது, நோயாளிகளுக்குச் சத்துப் பொருள் போட்டு ஊட்டக் கூடை கொடுக்கிறார்களாம், போய்ப் பாருங்கள் என்றார். பாவம், நல்ல மனுஷன். அவருக்கும் அது கேள்விப்பட்ட சேதிதான்.

உயிரணு ஊட்டவியல் உயர் ஆய்வு நிலையம். வாசலில் இருந்த பெயர்ப் பலகையை என் வீட்டுக்காரர் வாய்விட்டுப் படித்தார், பாதியிலேயே இருமல் வந்து நின்றுவிட்டார். இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, கம்பெனி வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போய்ச் சேர்ந்திருந்தோம். வியாழக்கிழமை தோறும் வர வேண்டும், வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது விதி. எங்களைப் போல நாற்பது நோயாளிகள் முகமூடி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பேன்ட்டில் கயிறு, இல்லையென்றால் சேலையில் இரண்டு சுற்று அதிகம்.

முதல் நாள் துவக்க விழா. நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ரங்கராஜன் மேடை ஏறினார். சென்னைக்காரர், வெள்ளை கோட்டு, வயிற்றின் மேல் பொத்தான் பூட்டாத கோட்டு. இந்தியில்தான் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“உங்க எல்லாருக்குள்ளயும் இருக்கிற இந்தக் கிருமி சாதாரணக் கிருமி இல்ல. நம்ம உடம்புல ஒரு காவல்கார செல் இருக்கு. கிருமியைப் பாத்தா விழுங்கி, அமிலம் ஊத்திக் கரைச்சிடும். மத்த கிருமி எல்லாம் செத்துப் போகும். நம்மாளு சாக மாட்டான். காவல்காரன் வயித்துக்குள்ளயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுவான். அமிலம் வர்ற வழியை அடைச்சிடுவான். அப்புறம் அந்த வீட்டுச் சமையல்கட்டு அவனோடது. செல்லு ஒளிச்சு வச்சிருக்கிற இரும்பைத் தூண்டில் போட்டு இழுப்பான். கொழுப்பை எடுத்துப்பான். அதைவிட ஆச்சரியம், அந்த செல்லையே கொழுப்பு சேத்து வைக்கச் சொல்லி, அதையும் சாப்பிடுவான். ஆனா அவசரப்பட்டு வீட்டுக்காரனைக் கொல்ல மாட்டான். கொன்னுட்டா நாளைக்கு யாரு பரிமாறுவா? என்ன பொறுமை! என்ன நிர்வாகம்! முப்பது வருஷமா இவன்கிட்ட இருந்து நான் கத்துக்கிட்டு வர்றேன்.”

ஆய்வு நிலையத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். தனக்குள்ளே இவ்வளவு கெட்டிக்காரன் குடியிருக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்தது போலிருந்தது. நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

அப்புறம் போட்டோ. திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஷ்யாம் என்கிற பையன் ஒரு பெரிய மூங்கில் கூடையைத் தூக்கிவந்தான். பளபளவென்று கண்ணாடிக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே கொண்டைக்கடலை, நிலக்கடலை, பாசிப்பருப்பு, வெல்லம், பால் பவுடர், நெய் டப்பா. பார்த்ததும் எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இவ்வளவும் வீட்டுக்கு வந்தால் நாற்பத்தைந்து கிலோ என்ன, ஐம்பதே வரும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இயக்குநர் பக்கத்தில் நிறுத்தினார்கள். கூடையைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை, நான் கீழே உட்கார்ந்து போட்டோவில் தெரியாதபடி அடியில் தாங்கினேன்.

“சிரிங்க அங்கிள். முகமூடியை எடுத்துட்டுச் சிரிங்க.”

சிரித்தார். கேமரா மின்னியது. ஷ்யாம் வந்து கூடையை வாங்கிக்கொண்டான்.

“எங்கப்பா எடுத்துட்டுப் போற?”

“அடுத்தவருக்குப் போட்டோ எடுக்கணும் ஆன்ட்டி.”

நாற்பது பேரும் அதே கூடையோடு சிரித்தார்கள். பிறகு எல்லாரிடமும் ஆளுக்கு நாலு குழாய் ரத்தம் எடுத்தார்கள், தராசில் ஏற்றினார்கள், அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். எங்கள் பங்குக் கூடை எப்போது என்று கேட்டேன். உணவுப்பொருள் இன்னும் சோதனையில் இருக்கிறது, நோயாளிக்குக் கண்டதையும் கொடுத்துவிட முடியுமா என்று ஷ்யாம் திருப்பிக் கேட்டான். அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் புத்தி எப்போதும் ஒரு நாள் தாமதமாக வேலை செய்யும்.

அந்தச் சோதனையை அடுத்த வாரம் என் கண்ணாலேயே பார்த்தேன். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு எதிரே ஒரு கண்ணாடி அறை. உள்ளே நீள மேசை, மேசை மேல் எங்களுக்கு வந்த மூட்டைகள். முதலில் தரக் குழு வந்தது. ஆளுக்கு ஒரு பிடி நிலக்கடலை எடுத்து மென்று, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வறுக்காமல் தரம் தெரியாது என்று ஒருவர் சொல்ல, வறுத்துக்கொண்டு வந்து இன்னொரு பிடி மென்றார்கள். பிறகு பாதுகாப்புக் குழு. பாசிப்பருப்பைச் சமைத்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதியாம். நெய் விட்டு, வெல்லம் போட்டு, உள்ளே அடுப்பு வைத்து அல்வா கிண்டினார்கள். கடைசியாக அறநெறிக் குழு. அதில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவருக்கு மட்டும் தனியாக முந்திரி வரவழைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சோதித்தார்.

நெய் வாசம் கதவிடுக்கில் வழிந்து கூடம் முழுக்க நிறைந்தது. முந்தின ராத்திரி சாப்பிட்ட நாற்பது பேர், நாலு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு, அந்த வாசத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு பெண்மணி அழுதாள். மாத்திரையின் குமட்டலோ நெய்யின் குமட்டலோ, என் வீட்டுக்காரர் எழுந்து ஓடி வாசல் செடியோரம் வாந்தியெடுத்தார். வெறும் பித்தம்தான் வந்தது. நான் அவர் முதுகைத் தடவியபடியே கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் தட்டில் ஒட்டிய அல்வாவை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த அருவருப்பில் காறித் துப்பினேன். அந்தச் செடிக்குப் பக்கத்தில் ‘துப்பாதீர், நோய் பரவும்’ என்று எழுதியிருந்தது.

நாலாவது வாரம் அவர் எடை முப்பத்தெட்டரை.

அன்று தேஜஸ்வினி என்கிற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். அங்கே ஆராய்ச்சி படிக்கிறவள், பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, வீட்டுத் தமிழை எண்ணி எண்ணிப் பேசுவாள். ரத்தம் எடுக்கும்போது அவள் ஒருத்திதான் “வலிக்குதா அங்கிள்?” என்று கேட்பாள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கணினியில் ஒரு படம் காட்டினாள். உருண்டை உருண்டையாக எண்ணெய்த் துளிகள் மிதக்கும் ஒரு பை.

“இது காவல்கார செல் ஆன்ட்டி. இதுக்குள்ள இந்தக் குச்சி குச்சியா இருக்குல்ல, அதுதான் கிருமி.”

“நல்லாக் கொழுகொழுன்னு இருக்கே செல்லு.”

“கொழுப்பு இருக்கு. ஆனா... எப்படிச் சொல்றது... அது செல்லுக்கு இல்ல. கிருமிக்காக சேர்க்குது. இரும்பும் அப்படித்தான். உடம்பு மறைச்சு வைக்குது, இது எடுத்துக்குது.”

“அது எடுத்தது போக மிச்சத்தை வாரா வாரம் நீங்க குழாயில எடுக்கிறீங்களாக்கும்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆன்ட்டி, நீங்க கூடைக்காக வெயிட் பண்ணாதீங்க. நாற்பது பேரை ரெண்டு க்ரூப்பா பிரிச்சிருக்காங்க. ஏ க்ரூப்புக்குச் சாப்பாடு. பி க்ரூப்புக்கு... கிடையாது. கம்பேர் பண்ணிப் பார்க்க. அங்கிள் பி க்ரூப். பேப்பர்ல எழுதியிருக்கு, நீங்க சைன் பண்ணினீங்க.”

பதினாறு பக்கம் இங்கிலீஷ் காகிதம். கூடை வாங்குவதற்கு என்று நினைத்து அவரைக் கையெழுத்துப் போட வைத்தவள் நான்தான். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அதே கையோடு இயக்குநர் அறைக்குள் நுழைந்தேன். ஷ்யாம் தடுத்தான், நிற்கவில்லை.

டாக்டர் ரங்கராஜன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“வாங்கம்மா, நம்மூர்க்காரங்க. உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?”

“காப்பி வேணாம் சார். எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கிடையாதாமே?”

“யாரு சொன்னா கிடையாதுன்னு? அவருக்கு ரொம்பப் பெரிய பொறுப்பு குடுத்திருக்கோம். அவர் சாப்பிடாம இருந்தாத்தானேம்மா, சாப்பிட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உலகத்துக்குத் தெரியும்?”

“அவரை அந்தப் பக்கம் மாத்தி விடுங்க சார். செத்துருவாரு.”

“கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதும்மா. அதுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. நான் கையை வச்சா அறிவியல் கெட்டுப் போயிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “அப்புறம், சாவு கீவுன்னு பேசாதீங்க. பாதியில யாராவது போயிட்டா எங்களுக்கு ‘இழப்பு’ன்னு எழுதணும். குணமாகி வராம நின்னுட்டாலும் இழப்புதான். அடுத்த கட்ட நிதிக்கு அது நல்லதில்ல. அவர் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும். அதுதான் எல்லாருக்கும் சௌகரியம்.”

இதைச் சிரித்த முகத்தோடு, ஒரு பிஸ்கட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். நான் அந்தப் பிஸ்கட்டைத் தொடவில்லை. இப்போது நினைத்தால், எடுத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்காரருக்காவது கொடுத்திருக்கலாம்.

அப்படியும் ஏன் தொடர்ந்து போனாய் என்று கேட்பீர்கள். ஏ பிரிவில் யாராவது நின்றுவிட்டால் பி பிரிவில் ஒருவரை ஏற்றுவார்கள் என்று ஷ்யாம் சொன்னான். அந்த நப்பாசைதான். அப்புறம்தான் அந்த ஏ பிரிவுக்காரர்களிடம் விசாரித்தேன். மூன்று குழுவும் சோதித்து முடித்த மிச்சம், வாரத்துக்கு ஒரு டம்ளர் கொண்டைக்கடலை. கூடவே வழவழத் தாளில் ஒரு புத்தகம், காலையில் ஆறு பாதாம் ஊறவைத்துச் சாப்பிடுவது எப்படி என்று. வாரம் ஒரு நாள் கூலியையும் ஆட்டோக் காசையும் இவர்களுக்குப் படைத்துவிட்டு நாங்கள் நின்ற வரிசை இதற்குத்தான்.

பத்தாவது வாரம் நிறைவு விழா. என் வீட்டுக்காரர் எடை முப்பத்தெட்டு. பின்வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள். பக்கத்து அறையில் விருந்துக்குத் தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் ரங்கராஜன் கண்ணில் தண்ணீர் மினுங்கப் பேசினார்.

“உணவு கொடுத்த பிரிவு, கொடுக்காத பிரிவு, ரெண்டுக்கும் எடையில ஒரு வித்தியாசமும் இல்ல! ரெண்டுமே ஒரே மாதிரி இறங்கியிருக்கு. நோயாளிக்குச் சாப்பாடு கொடுத்தா தேறுவான்னு இத்தனை நாள் நாம கண்மூடித்தனமா நம்பிக்கிட்டு இருந்தோம். இந்த நிலையம் அந்த மூடநம்பிக்கையை உடைச்சிருக்கு. அப்படின்னா நாம கொடுத்த சத்தெல்லாம் எங்க போச்சு? நோயாளிக்குப் போய்ச் சேரல. நடுவுல யாரோ உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. யாரு அவங்க?”

நாற்பது நோயாளிகளும் ஒரே சமயத்தில் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தோம்.

“கிருமி!” என்றார் இயக்குநர். கைதட்டல் கூரையை முட்டியது. அறநெறிக் குழுப் பெரியவர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். தேஜஸ்வினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு காலைப் பார்த்தாள். இந்தக் கண்டுபிடிப்பை உறுதிசெய்ய இரண்டாம் கட்ட ஆய்வு நடக்கும், அதில் குழுக்களின் எண்ணிக்கை ஆறாக உயர்த்தப்படும் என்று அறிவித்துவிட்டு எல்லாரும் விருந்துக்குப் போனார்கள். நோயாளிகளுக்கு இன்னும் ஒரு ரத்தக் குழாய் பாக்கி இருந்ததால் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குள் என்னவோ அறுந்தது. மேடை மேல் அந்தக் கூடை சிவப்பு ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது. ஏறிப்போய் எடுத்தேன். தலையில் வைத்துக்கொண்டேன். வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டினான். “போட்டோக்குப் போகுது அண்ணே” என்றேன். அந்தக் கூடை போட்டோவுக்கு மட்டும்தான் எங்கேயும் போகும் என்பது அவனுக்குத் தெரியும், சலாம் வைத்து விட்டுவிட்டான். என் வீட்டுக்காரர் பின்னால் கயிறு கட்டிய பேன்ட்டோடு நடுங்கிக்கொண்டே வந்தார்.

“பவுனு, போலீஸ் வரும்டி.”

“வரட்டும். அவங்களுக்கும் ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கலாம்.”

வீட்டில் ரிப்பனை அறுத்துக் கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்தேன். குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. பொட்டலத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. நெய் டப்பாவில் நெய் இல்லை, பாரத்துக்கு மணல் போட்டு மூடியிருந்தார்கள். வெல்லம் கறுத்து ஒழுகி அடியில் எறும்போடு காய்ந்திருந்தது. கொண்டைக்கடலை மட்டும் பார்க்க உருண்டு திரண்டு நன்றாக இருந்தது. ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். மாவாகப் பொடிந்தது. உள்ளேயிருந்து ஒரு வண்டு சாவகாசமாக வெளியே வந்து என் கட்டைவிரல் மேல் ஏறியது. இன்னொன்றை நசுக்கினேன். அதிலும் ஒன்று. ஓடு அப்படியே இருக்கிறது, உள்ளே ஒரு பொட்டு மாவில்லை. அத்தனை கடலையிலும் ஆளுக்கு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தன. இயக்குநர் சொன்னதெல்லாம் எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கியது. உடம்பெல்லாம் கூசி, கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன்.

கூடையில் இருந்ததில் பாதியைப் பின்புறம் கொண்டுபோய்க் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வளர்க்கும் கோழிகள் ஓடிவந்து வண்டையும் மாவையும் கொத்தித் தீர்த்தன. அவள் ஓடிவந்து, “அய்யோ, இன்னும் இருக்கா? இத இப்படிப் போடாத, எங்கிட்ட குடு. இந்தத் தீனிக்கு நான் ரேஷன் கடைவரைக்கும் அலையறேன்” என்றாள். மிச்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கூடையை மட்டும் வைத்துக்கொண்டேன். பதிலுக்கு மறுநாள் காலை ஆறு முட்டை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வியாழக்கிழமைகளில் நான் வேலைக்குப் போனேன். அந்தக் கூலியில் பாலும் பருப்பும் வந்தன. எந்தக் குழுவும் சோதிக்கவில்லை. அவித்த முட்டை தட்டிலிருந்து நேராக அவர் வாய்க்குப் போயிற்று.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷ்யாம் கதவைத் தட்டினான். கையில் தராசு.

“ஆன்ட்டி, அந்தக் கூடை வேணும். ரெண்டாம் கட்டத்துக்கு நாளைக்குப் போட்டோ.”

மூலையில் வெங்காயம் போட்டு வைத்திருந்த கூடையைக் காட்டினேன். வந்ததுதான் வந்தோம் என்று அவரைத் தராசில் ஏறச் சொன்னான். ஏறினார். ஷ்யாம் குனிந்து பார்த்தான், தராசைத் தட்டினான், மறுபடி ஏறச் சொன்னான். நாற்பத்து மூன்று. அவன் முகம் வெளிறிப்போய்ப் போனைப் போட்டான். இயக்குநர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“பி பிரிவு எப்படிடா ஏறும்? யாரு சாப்பாடு போட்டது?”

“நான்தான் சார்” என்றேன்.

“எந்தக் குழு சோதிச்சுது?”

“கோழிதான் சார் சோதிச்சுது.” கடலை, வண்டு, கோழி, முட்டை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

 இயக்குநர் உற்சாகமாகக் கத்தினார். “அப்போ அது நம்ம கூடைதானே! நம்ம கூடை வேலை செஞ்சிருக்கு!” உடனே குரல் இறங்கிவிட்டது. “இல்ல, வேண்டாம், வேண்டாம். சாப்பாட்டால பலன் இல்லன்னு முடிவு அச்சுக்குப் போயிடுச்சு. ஷ்யாம், அவரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடு. இழப்புன்னு போடு.”

ஷ்யாம் தாளை எடுத்து, பெயர் ஜெகதீசன், நிலை: இழப்பு என்று எழுதினான். அடியில் நோயாளியே கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஷ்யாமின் கை பழக்கதோஷத்தில் தட்டிலிருந்த முட்டைப் பக்கம் நீண்டது. போளிக் கட்டை என் கையில்தான் இருந்தது. விரல்மேல் ஒன்று வைத்தேன். “சும்மா மாதிரிக்குத்தான் ஆன்ட்டி” என்று விரலை உதறிக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் மஞ்சள்கரு ஒட்டிய கையாலேயே பேனாவை வாங்கி, இழப்பு என்பதற்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தாளை அவனிடம் நீட்டிவிட்டு, காலித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“பவுனு, இன்னொன்னு இருக்கா?”